ஐந்தாவதாக ஒருவர் உள்ளே வந்தால்...

பட்டாசு ஆலைக்குள் முதன்முறையாகப் போகிறவர்களுக்கு அது ஆலை மாதிரியே தெரியாது. புகைபோக்கி கிடையாது, இயந்திரச் சத்தம் கிடையாது. கரிசல் காட்டுக்குள் தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன அறைகள், நடுநடுவே வேப்பமரங்கள், அவ்வளவுதான். ஒவ்வொரு அறையின் சுவரிலும் பெயின்ட்டில் சில விவரங்களை எழுதியிருப்பார்கள். அறை எண், உள்ளே எத்தனை பேர் இருக்கலாம், எத்தனை கிலோ மருந்து இருக்கலாம். மருந்து செலுத்தும் அறை என்றால், ஆள் கணக்கு பெரும்பாலும் 4.

விருதுநகர் மாவட்டம் வெம்பக்கோட்டை வட்டத்தில் இருக்கிற ஏழாயிரம்பண்ணையிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் இதைத் ‘தொழிற்சாலை’ என்று சொல்கிறவர்கள் குறைவு. தீப்பெட்டி ஆபீஸ், வெடி ஆபீஸ் என்றுதான் பேச்சு. “எங்கம்மா ஆபீஸுக்குப் போயிருக்கு” என்று ஒரு பிள்ளை சொன்னால், அந்த அம்மா அலுமினியத் தூளும் கந்தகமும் படிந்த கையோடு சாயங்காலம் வேனில் வந்து இறங்குவார் என்று அர்த்தம்.

அந்த 4 என்ற எண்ணைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் அதிகாரிகள் கேட்கும் முதல் கேள்வி, ‘உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள்?’ என்பது. 2021 பிப்ரவரி 12, வெள்ளிக்கிழமை மதியம் அச்சங்குளத்தில் ஒரு பட்டாசு ஆலை வெடித்தது. 20-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். ஏழாயிரம்பண்ணை காவல் நிலையத்தில்தான் வழக்கு பதிவானது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. ஓய்வுபெற்ற நீதிபதி கே.கண்ணன் தலைமையில் குழு ஒன்று வந்து பார்த்துவிட்டுப் போனது. வெளியே வந்த விவரங்கள் இந்தப் பக்கத்து மக்களுக்குப் புதிதாக இல்லை. உரிமம் ஒருவர் பெயரில், ஆலையை நடத்துவது வேறு பலர். அறை அறையாக உள்குத்தகை. அனுமதித்ததைவிட அதிகமான ஆட்கள்.

விபத்து நடந்த மறுநாள் எந்த டீக்கடையில் நின்றாலும் இரண்டு குரல்கள் கேட்கும். “பேராசை பிடிச்ச ஆளுக. மனசாட்சி இருந்தா இப்படிச் செய்வானுகளா?” என்பது ஒன்று. “வயித்துப்பாடு அண்ணாச்சி. தெரிஞ்சேதான் போறாக, என்ன செய்ய?” என்பது இன்னொன்று. முதல் குரல், மனிதரின் குணம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்கிறது. இரண்டாவது குரல், சூழ்நிலைதான் தீர்மானிக்கிறது என்கிறது. பெரும்பாலும் ஒரே ஆள்தான் இரண்டையும் பேசுவார், ஒரு டீ முடிவதற்குள்.

ஒரே அக்கா, இரண்டு மாதங்கள்

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் எந்த ஊரை எடுத்தாலும் இப்படி ஒரு அக்கா இருப்பார். அவரைக் கற்பனையாகவே வைத்துக்கொள்வோம். பதினைந்து வருஷமாக வெடி ஆபீஸ் வேலை. என்ன செய்யக் கூடாது என்று அவரிடம் கேட்டால் உரிம அதிகாரியைவிடத் தெளிவாகச் சொல்வார். பருத்திச் சேலைதான் கட்ட வேண்டும், நைலான் கூடாது. உள்ளே போவதற்கு முன் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட வேண்டும். உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் மண்ணில் இறங்கும். இரும்புச் சாமான் கூடாது. தரையில் ரப்பர் விரிப்பு கிடக்க வேண்டும். மீந்துபோன மருந்தை ராத்திரி வைத்திருக்கக் கூடாது. ஈரம் பட்டால் அது தானாகவே சூடேறும். முக்கியமாக, அறைக்கு நாலு பேர்.

தை மாதத்தில் இந்த அக்கா அத்தனையையும் செய்வார். ஆர்டர் குறைவு, வேலை நிதானம். ஐந்தாவதாக ஒருத்தி உள்ளே வந்தால் எழுந்து வெளியே போய் வேப்பமர நிழலில் உட்கார்ந்துகொள்வார்.

புரட்டாசியில் நிலைமை வேறு. தீபாவளிக்கு ஒரு மாதம்கூட இருக்காது. குரோஸ் கணக்கில் கூலி. எத்தனை குரோஸ் முடிக்கிறோமோ அவ்வளவு காசு. வருஷத்தில் கை நிறையப் பார்க்கிற காலம் இதுதான். பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம், சீட்டுப் பணம், திருப்ப வேண்டிய அட்வான்ஸ் எல்லாம் இந்த மாதத்தை நம்பித்தான் இருக்கின்றன. அப்போது ஐந்தாவதாக ஒருத்தி வாசலில் வந்து நிற்கிறாள்.

“யக்கா, கொஞ்சம் நகந்து உக்காருங்க.”

“நாலு பேருதாம்மா இருக்கணும். சுவத்துல எழுதியிருக்குல்ல?”

“தெரியும்க்கா. போர்மேன் அண்ணாச்சிதான் இங்க போகச் சொன்னாரு. வேற ரூம்ல எடமில்லையாம்.”

“சரி, வா. வாசல மறிக்காம உக்காரு.”

தையில் இருந்த அதே மனசுதான் புரட்டாசியிலும் இருக்கிறது. அவருடைய நம்பிக்கையோ அறிவோ பயமோ கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் செய்கை மாறிவிட்டது. இதை வைத்து ‘சூழ்நிலைதான் எல்லாம்’ என்று முடித்துவிடத் தோன்றும். அவர் கடைசியாகச் சொன்ன வாக்கியத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். வாசலை மறிக்காமல் உட்காரச் சொல்கிறார். ஐந்தாவது ஆளை அவரால் தடுக்க முடியவில்லை. ஓடுவதற்கு வழியை மட்டும் விட்டுவைக்கிறார். சூழ்நிலை எவ்வளவு இடம் கொடுத்ததோ, அந்த ஒரு சாண் இடத்துக்குள் அவருடைய மனசு வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. நல்லவர், கெட்டவர் என்று பிரிக்கிற பேச்சில் இந்த ஒரு சாண் கணக்கில் வருவதே இல்லை.

அவசரம் என்ன செய்யும்?

இதே கேள்வியை 1973-ல் அமெரிக்காவில் இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்பது அவர்கள் பெயர். பிரின்ஸ்டன் நகரில் பாதிரியார் ஆவதற்குப் படித்துக்கொண்டிருந்த 40 மாணவர்களை எடுத்துக்கொண்டார்கள். பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சிறிய உரை நிகழ்த்த வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். சிலருக்குத் தலைப்பு, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. போகிற வழியில் ஒரு ஆள் குனிந்து, இருமி, முனகியபடி கிடந்தார். அவர் நடிக்க வைக்கப்பட்டவர் என்பது மாணவர்களுக்குத் தெரியாது.

நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவிகிதம் பேர் உதவினார்கள். ‘தாமதமாகிவிட்டது, ஓடுங்கள்’ என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் உதவியவர்கள் 10 சதவிகிதம்தான். யார் எவ்வளவு பக்திமான், எந்த மாதிரி நம்பிக்கை உள்ளவர் என்பதெல்லாம் நின்று உதவினாரா இல்லையா என்பதைச் சொல்ல உதவவில்லை. கடிகாரம்தான் சொன்னது. சமாரியன் கதையைப் பேசப் போனவர்களில் சிலரே, கிடந்தவரைத் தாண்டிக்கொண்டு போனார்கள்.

40 பேரை வைத்துச் செய்த சோதனை. அதை வைத்து உலகத்தையே அளக்க முடியாதுதான். ஆனாலும் ஏழாயிரம்பண்ணைக்காரர்களுக்கு இதில் ஆச்சர்யப்பட ஒன்றும் இருக்காது. தீபாவளி அவசரம் என்ன செய்யும் என்பதை அவர்கள் எந்தப் பல்கலைக்கழகமும் சொல்லித் தெரிந்துகொள்ளவில்லை.

தமிழிலும் இந்த வழக்கு பழையதுதான். பெற்ற தாய் பசியோடு கிடப்பதைப் பார்க்க நேர்ந்தாலும் பெரியோர் பழிக்கும் காரியத்தைச் செய்யாதே என்பது வள்ளுவர் கட்சி. பசி என்ற ஒன்று வந்துவிட்டால் குலப்பெருமை, கல்வி, நாணம் எல்லாவற்றையும் அழித்துவிடும் என்பது மணிமேகலையின் கட்சி. மணிமேகலை சோற்றுப் பாத்திரத்தைக் கையில் எடுத்ததும் அதனால்தான். எந்தப் பக்கம் சாய்வது என்று ஒருவருக்கு வயிறு நிறைந்திருக்கும்போது ஒரு பதிலும், நிறையாதபோது இன்னொரு பதிலும் வரும் போலிருக்கிறது.

அவசரத்தை உண்டாக்கியது யார்?

பிரின்ஸ்டன் சோதனையில் அவசரத்தை ஆய்வாளர்கள் உண்டாக்கினார்கள். வெடி ஆபீஸில் அது எங்கிருந்து வருகிறது? வெயில் மாதிரி, மழை மாதிரி தானாக வருவதில்லை.

உள்குத்தகை எப்படி நடக்கிறது என்று பார்த்தால் கொஞ்சம் புரியும். பட்டாசு ஆலைக்கு உரிமம் வாங்குவது லேசான காரியம் இல்லை. அளவைப் பொறுத்து மாவட்ட வருவாய் அலுவலர், சென்னையில் உள்ள வெடிபொருள் கட்டுப்பாட்டு அலுவலகம், நாக்பூரில் உள்ள தலைமை அலுவலகம் என்று மூன்று படிகள். ‘டி.ஆர்.ஓ லைசென்ஸ்’, ‘நாக்பூர் லைசென்ஸ்’ என்று சொல்லித்தான் ஆலையின் தரத்தையே ஊரில் மதிப்பிடுவார்கள். அப்படி உரிமம் வாங்கிய ஒருவர், தானே உற்பத்தி செய்யாமல் அறைகளைப் பிரித்து ஆளுக்கு இத்தனை என்று வாடகைக்கு விடுகிறார். சட்டப்படி இது குற்றம். வாடகைக்கு எடுத்தவருக்கு அந்த ஆலை சொந்தமில்லை. அடுத்த வருஷம் அந்த அறை கிடைக்குமா என்பதும் நிச்சயமில்லை. போட்ட பணத்தை ஒரே பருவத்தில் எடுத்தாக வேண்டும். எனவே நாலு பேர் அறையில் ஆறு பேர், அறை போதாமல் மரத்தடியில் இரண்டு பேர், அனுமதித்த அளவுக்கு மேல் மருந்து. பக்கத்து அறைக்காரர் யாரென்றுகூட அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். அங்கே என்ன கலக்கிறார்கள் என்று கேட்கும் உரிமையும் இல்லை.

உள்ளே உட்கார்ந்திருக்கிற அக்காவுக்கு இது சூழ்நிலை. உரிமம் வைத்திருப்பவருக்கு இது ஒரு முடிவு. அவர் நிதானமாக, நேரம் இருக்கும்போது, பசி இல்லாதபோது எடுத்த முடிவு. சூழ்நிலையா, குணமா என்ற பட்டிமன்றத்தில் பலரும் தவறவிடுகிற இடம் இது. ஒரே சம்பவத்தில் ஒருவர் பக்கம் அது சூழ்நிலையாகவும் இன்னொருவர் பக்கம் அது குணமாகவும் இருக்கும். யார் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்காமல் தீர்ப்பு சொல்ல முடியாது.

முதலாளிகளும் சூழ்நிலையைப் பேசாமல் இல்லை. 2015-ல் டெல்லியில் மூன்று கைக்குழந்தைகளின் பெயரில் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு போடப்பட்டது. பட்டாசுப் புகையால் குழந்தைகளின் நுரையீரல் கெடுகிறது என்பது முறையீடு. 2018 அக்டோபர் 23-ம் தேதி தீர்ப்பு வந்தது. தீபாவளியன்று இரவு 8 மணி முதல் 10 மணி வரை மட்டுமே வெடிக்கலாம், பசுமைப் பட்டாசு மட்டுமே விற்கலாம், பேரியம் உப்புகள் கூடாது, சரவெடி கூடாது, ஆன்லைனில் விற்கக் கூடாது. பேரியம் நைட்ரேட்டை இந்தப் பக்கம் ‘பச்சை உப்பு’ என்பார்கள். அது இல்லாமல் தொழிலே இல்லை என்று ஆலைகளைப் பூட்டினார்கள். அந்த நவம்பர் மத்தியிலிருந்து சுமார் நான்கு மாதம், ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகள் திறக்கவில்லை.

பிறகு உச்ச நீதிமன்றம் சி.பி.ஐ-யை விட்டு விசாரிக்கச் சொன்னபோது, தடைக்குப் பிறகும் சில நிறுவனங்கள் பேரியத்தைப் பயன்படுத்தியது தெரியவந்தது. 2021 அக்டோபரில் நீதிமன்றம் மறுபடியும் கண்டித்து உத்தரவு போட்டது. “நான் போடலைன்னா பக்கத்துல போடுறான். பளிச்சுன்னு எரியலைன்னா கடைக்காரர் வாங்க மாட்டேங்கிறார்” என்பது இந்தத் தொழிலில் அடிக்கடி கேட்கிற நியாயம். முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. போட்டியும் ஒரு நெருக்கடிதான். ஆனால், விதியை மதித்தால் லாபம் குறையும் என்பவரின் ‘வேறு வழியில்லை’யும், அறையை விட்டு எழுந்தால் இன்றைய கூலி போய்விடும் என்பவரின் ‘வேறு வழியில்லை’யும் ஒரே எடை இல்லை. தராசில் வைத்தாலே தெரியும்.

அந்த நான்கு மாதங்களில் வேறொன்றும் நடந்தது. கூலி நின்றது. மானாவாரிக் கரிசல், மழை பெய்தால் பருத்தி, கம்பு, மிளகாய், இல்லையென்றால் ஒன்றுமில்லை. அப்போது மட்டுமல்ல, எப்போது ஆலை வேலை தட்டினாலும் வீடுகளுக்குள் நுழைவது கருந்திரி. சரவெடிக்கும் பெரிய வெடிகளுக்கும் உள்ளே வைக்கிற திரி. நூலில் கரிமருந்து ஏற்றி, வீட்டுத் திண்ணையிலோ தகரக் கொட்டகையிலோ காயப்போட்டு எடுப்பார்கள். உரிமம் கிடையாது, ‘கருந்திரி பறிமுதல், ஒருவர் கைது’ என்பது உள்ளூர்ப் பத்திரிகைகளில் நிரந்தரமாக இடம்பிடித்த நான்கு வரிச் செய்தி. செம்புத் தகடும் ரப்பர் விரிப்பும் இருந்த ஆபீஸை விட்டு, அடுப்பும் குழந்தையும் இருக்கிற வீட்டுக்குள் மருந்து வந்துவிடுகிறது. டெல்லிக் குழந்தைகளின் நுரையீரலுக்காகச் சொல்லப்பட்ட தீர்ப்பு தவறு என்று இதற்கு அர்த்தமில்லை. ஒரு கதவைச் சாத்தும்போது இன்னொன்றைத் திறந்துவைக்க யாரும் இல்லாமல் போனதுதான் சிக்கல்.

அதே அப்பா அம்மாதான்

குணத்தை மட்டும் குறை சொல்கிறவர்கள் இந்தப் பகுதியின் இன்னொரு கதையை யோசித்துப் பார்க்க வேண்டும்.

1923-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்ததில் தொடங்குகிறது இந்தப் பக்கத்துத் தொழில் வரலாறு. வானம் பார்த்த பூமிக்கு அது பெரிய வரம். அதன் நிழலில் ஒரு சாபமும் வளர்ந்தது. 1970-களிலும் 80-களிலும் விடிவதற்கு முன் கிராமங்களுக்கு பஸ் வரும். தூக்கக் கலக்கத்தோடு ஏறுகிறவர்கள் ஆறு வயது, எட்டு வயதுப் பிள்ளைகள். தீப்பெட்டிக் கட்டையில் குச்சி அடுக்குவதற்கும் பெட்டி ஒட்டுவதற்கும் அந்தச் சின்ன விரல்கள் வசதி என்று சொன்னார்கள். அந்தப் பிள்ளைகளை எழுப்பி, முகம் கழுவிவிட்டு, தூக்குவாளியில் கஞ்சி ஊற்றி அனுப்பியது அவர்களைப் பெற்றவர்கள்தான்.

அந்த அப்பா அம்மாக்களுக்குப் பாசம் இல்லை என்று யார் சொல்ல முடியும்?

1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1988-ல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தில் சிறப்புப் பள்ளிகள் வந்தன. சிவகாசியை முன்வைத்து எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10-ம் தேதி உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. அதற்கெல்லாம் முன்பே, இதே விருதுநகரில் பிறந்த காமராஜர் 1956-ல் மதிய உணவைக் கொண்டுவந்திருந்தார், 1982-ல் எம்.ஜி.ஆர் அதைச் சத்துணவாக விரித்தார். மாடு மேய்த்துக்கொண்டிருந்த பையனிடம் “ஏன் பள்ளிக்கூடம் போகலை?” என்று காமராஜர் கேட்டதாகவும், “போனா சோறு நீயா போடுவே?” என்று அவன் திருப்பிக் கேட்டதாகவும் ஒரு கதை சொல்வார்கள். அந்தக் கதையில் காமராஜர் பையனுக்குக் கல்வியின் பெருமையைப் பற்றிப் பிரசங்கம் செய்யவில்லை என்பதுதான் விசேஷம். சோற்றுக்கு ஏற்பாடு செய்தார்.

இன்று பிள்ளையை வெடி ஆபீஸுக்கு அனுப்புவது ஏழாயிரம்பண்ணையில் வெளியே சொல்லக் கூசுகிற விஷயம். பிளஸ் டூ தேர்ச்சியில் விருதுநகர் மாவட்டம் பல வருஷம் மாநிலத்தில் முதலிடம் பிடித்தது. அன்றைக்கு பஸ் ஏற்றி அனுப்பிய தலைமுறையின் பேரப்பிள்ளைகள்தான் இவர்கள். நடுவில் இந்தப் பக்கத்து மனிதர்களின் ரத்தமா மாறிவிட்டது? சட்டம், பள்ளிக்கூடம், சோறு, கூலி உயர்வு எல்லாம் சேர்ந்து மெதுவாக வழியை மாற்றின. வழி மாறியதும் ‘இது தப்பு’ என்கிற கூச்சம் பின்னாலேயே வந்து ஒட்டிக்கொண்டது. சூழ்நிலை மாறினால் செய்கை மட்டுமல்ல, கொஞ்ச காலத்தில் மனசாட்சியும் மாறும் என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் ஒரு உதாரணம் கிடைக்காது.

ஓடிவந்தவர்கள்

அப்படியானால் மனிதர்கள் வெறும் காற்றில் ஆடும் துணியா? இல்லை என்று சொல்ல ஒரு நாள் இருக்கிறது.

2012 செப்டம்பர் 5. சிவகாசிக்குப் பக்கத்தில் முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை தீப்பிடித்தது. இறந்தவர்கள் 40 பேர் வரை. அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்கள் இல்லை. சத்தம் கேட்டு, புகையைப் பார்த்து, பக்கத்து ஊர்களிலிருந்து ஓடிவந்தவர்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்களும் உண்டு; உள்ளே மாட்டியவர்களைத் தூக்க வந்தவர்களும் உண்டு. அடுத்தடுத்து வெடித்ததில் அவர்கள் சிக்கிக்கொண்டார்கள்.

தூக்க வந்தவர்களுக்கு எந்தச் சூழ்நிலை நெருக்கடி கொடுத்தது? கூலி இல்லை, குரோஸ் கணக்கு இல்லை, போர்மேன் விரட்டவில்லை. பட்டாசு எப்படி வெடிக்கும் என்பது இந்த உலகத்தில் வேறு யாரையும்விட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஓடவேண்டிய திசை எது என்பதும் தெரியும். எதிர்த்திசையில் ஓடினார்கள். பிரின்ஸ்டனில் அவசரத்திலும் நின்று உதவிய அந்த 10 சதவிகிதத்தைப் பற்றி ஆய்வுக் கட்டுரையில் அதிகம் பேச்சில்லை. பேசவேண்டியது அவர்களைப் பற்றித்தானோ என்று தோன்றுகிறது.

இந்த ஊர்ப் பெயரோடு ஒட்டிய பழைய கதை ஒன்றும் உண்டு. கட்டபொம்மன் காலத்தில் ஏழாயிரம்பண்ணை ஒரு பாளையம். கும்பெனிக்காரர்களின் வரி நெருக்கடி எல்லாப் பாளையத்துக்கும் பொதுவாக இருந்தது. எட்டயபுரம் கும்பெனி பக்கம் நின்றது. ஏழாயிரம்பண்ணை கட்டபொம்மன் பக்கம் நின்றது. 1799-ல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட பிறகு, பாஞ்சாலங்குறிச்சியோடு சேர்த்து ஏழாயிரம்பண்ணையையும் பறிமுதல் செய்தார்கள். ஒரே நெருக்கடி, இரண்டு முடிவுகள். இதைக் குணத்தின் வெற்றி என்று கைதட்டலாம். ஆனால் எட்டயபுரத்துக்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் ஏற்கெனவே எல்லைத் தகராறு இருந்தது என்பதும் சரித்திரத்தில் இருக்கிறது. தோண்டத் தோண்ட, குணத்துக்கு அடியில் கொஞ்சம் சூழ்நிலையும் சூழ்நிலைக்கு அடியில் கொஞ்சம் குணமும் வந்துகொண்டேதான் இருக்கும்.

‘முடியாது’ என்பதற்கு என்ன விலை?

நம் கற்பனை அக்காவிடம் திரும்புவோம். “ஆறாவது ஆள் வந்தா நான் எழுந்து போயிருவேன்” என்று அவர் சொல்ல வேண்டுமானால், அந்தச் சொல்லுக்கு அவர் என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும்?

வேறு வேலை இல்லாத ஊரில், ஒரு நாள் கூலி. போர்மேனுக்குக் கோபம் வந்தால் ஒரு பருவத்துக் கூலி. முன்பணம் வாங்கியிருந்தால் எழுந்து போகவே முடியாது. அதே அக்காவுக்கு நூறு நாள் வேலை ஒழுங்காகக் கிடைத்து, சிவகாசியில் ஒரு அச்சகத்திலோ ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையிலோ இடமிருந்து, வீட்டில் மகன் சம்பாதிக்கத் தொடங்கியிருந்தால் விலை சரசரவென இறங்கிவிடும். அப்போதும் அவர் எழுந்திருக்காமல் உட்கார்ந்தால், அதைப் பற்றிப் பேசலாம். ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் அதன் விலைப்பட்டியலைப் பார்க்க வேண்டியிருக்கிறது. சிலருக்கு அது இலவசம். சிலருக்கு ஒரு மாதச் சோறு.

போர்மேனும் இந்தக் கணக்கில் நடுவில் மாட்டியவர்தான். விபத்து நடந்தால் வழக்கில் அவர் பெயர் தவறாமல் வரும். உள்குத்தகை ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்து இருக்காது. ஆட்களை அறைக்குள் அனுப்பியவர் என்ற முறையில் அவர் குரல் மட்டும் இருக்கும். சில போர்மேன்கள் ஐந்தாவது ஆளைத் திருப்பி அனுப்புகிறார்கள். முதலாளியிடம் திட்டு வாங்கிக்கொண்டு, சாயங்காலம் கணக்கு குறைந்ததற்கு ஏதோ ஒரு காரணம் சொல்லிச் சமாளிக்கிறார்கள். அந்த அறைகள் வெடிப்பதில்லை. வெடிக்காத அறை செய்தியாகாது. எனவே அந்த மனிதர்கள் எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியப்போவதில்லை.

வாங்குகிறவர்களும் வெளியே நிற்கவில்லை. தீபாவளி நெருங்கினால் செல்போனில் ‘80 சதவிகிதம் தள்ளுபடி’ என்று விலைப்பட்டியல் வந்து விழும். எந்த ஆலை, யார் உரிமம் என்று பார்க்கிற வழக்கம் நமக்கு இல்லை. இன்னும் குறைத்துத் தருவாரா என்று கேட்கிற வழக்கம் நிறைய உண்டு. நாம் குறைக்கச் சொல்கிற அந்த ஐந்து ரூபாய் கடைக்காரரிடமிருந்து ஏஜென்ட்டுக்கும், ஏஜென்ட்டிடமிருந்து குத்தகைக்காரருக்கும் போய், கடைசியில் ஒரு அறைக்குள் ஐந்தாவது ஆளாக உட்கார்கிறது.

அச்சங்குளத்துக்குப் பிறகும் நிற்கவில்லை. 2024 பிப்ரவரி 17-ல் வெம்பக்கோட்டை அருகே ராமுத்தேவன்பட்டியில் 10 பேர். அதே வருஷம் மே மாதம் செங்கமலப்பட்டி. ஒவ்வொரு முறையும் ஆய்வு, உரிம ரத்து, கைது, நிவாரணம். கொஞ்ச நாள் எல்லா அறையிலும் நாலு பேர். பிறகு ஆடி பிறக்கிறது, ஆர்டர் வருகிறது.

காலை ஏழரை மணிக்கு இந்த ஊர்களின் பஸ் ஸ்டாப்பில் இரண்டு வண்டிகள் வந்து நிற்கும். ஒன்று வெடி ஆபீஸ் வேன். பெண்கள் தூக்குவாளியோடு ஏறுகிறார்கள். இன்னொன்று கல்லூரி பஸ். தோளில் பையோடு அவர்களின் மகள்கள். செமஸ்டர் விடுமுறையில், சும்மா இருக்கிற நாளில் ஒரு மாசம் நானும் வர்றேனே, கட்டணத்துக்கு ஆகுமே என்று மகள் கேட்பதுண்டு. பருத்திச் சேலையைச் சரிசெய்துகொண்டே அம்மா சொல்கிற பதில் எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

“அந்தப் பக்கமே நீ வரக் கூடாது. காசை நான் பாத்துக்கிடுறேன்.”

சொல்லிவிட்டு வேனில் ஏறுகிறார். உள்ளே ஏற்கெனவே கூட்டம். யாரோ நகர்ந்து இடம் கொடுக்கிறார்கள்.